வெயில் பார்த்த முதுகு

கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை செய்கிறவளுக்கு முகத்தில் ஏதாவது வந்தால் அது ஊர்ப் பொதுச்சொத்து. சீனி வாங்க வந்தவர், பருப்பு வாங்க வந்தவர், ஒன்றும் வாங்காமல் மின்விசிறிக்குக் கீழே காற்று வாங்க வந்தவர், எல்லாரும் என் முகத்தை ஒருமுறை நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள். புங்குடுதீவில் வீடுகள் அதிகம், ஆட்கள் குறைவு. இருக்கிற நாலு முகத்தில் ஒன்று சிவந்தால் கதைக்க வேறென்ன வேண்டும்?

எனக்கு இரண்டு கன்னமும் மூக்குத் தண்டும் சிவந்திருந்தன. சொறியவில்லை, எரிந்தது. காலையில் எழும்பினால் விரல்கள் மடங்காது. அரிசி மூட்டையின் நூலை உருவ ஏலாமல் பல்லால் கடித்து இழுத்திருக்கிறேன். தலைமயிர் சீப்போடு வந்தது. ஆனால் கடைக்கு வந்தவர்களுக்குத் தெரிந்தது முகம் மட்டும்தான். முகத்துக்கு அவர்கள் எல்லாரும் ஒரே பெயர் வைத்தார்கள்: கிரந்தி. எங்கள் பக்கம் தோலில் எது வந்தாலும் அதுதான். இறால், கணவாய், கத்தரிக்காய் போன்ற சாப்பாடு இரத்தத்தைக் கெடுக்கும், கெட்ட இரத்தம் தோலில் வந்து நிற்கும் என்பது கணக்கு.

"இறாலை நிப்பாட்டும் தங்கச்சி," என்றார் ஓர் அண்ணை.

"நிப்பாட்டிப்போட்டன்."

"கத்தரிக்காய்?"

"அதையும்தான்."

"அப்ப ஒருவேளை தக்காளி…"

"அண்ணை, உங்கடை அரிசி நிறுத்துக் கட்டியாச்சு. வெளிக்கிடுங்கோ."

என் வாய் அப்படித்தான். அந்த வாய்க்குப் பயந்து என் முன்னால் சொல்லாமல் விட்டதை எல்லாரும் மாமியிடம் போய்ச் சொன்னார்கள். என் கணவருடைய தாய் அவர். மாமா தெற்கில் கடை வைத்திருந்த காலம் முழுவதும் மாமி தனியாக நின்று பிள்ளைகளை வளர்த்தவர். காய்ச்சல், கழிச்சல், சிரங்கு, சுளுக்கு எதற்கும் ஆரையும் கேட்டுக்கொண்டு நின்றதில்லை. வளர்ந்த பிள்ளைகள் கனடாவுக்கும் சுவிசுக்கும் போய்விட, மிஞ்சியவர் கடைசி மகனான என் கணவர். அவர் குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்கு ஆட்களை ஏற்றும் வள்ளம் ஓட்டுகிறார். ஆகவே மாமியின் வைத்தியம் முழுவதற்கும் கிடைத்த ஒரே உடம்பு என்னுடையது.

மாமி எண்ணெய் காய்ச்சினார். என்னென்ன வேர் போட்டார் என்று நான் கேட்கவில்லை, கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டார். விடியச் சூரியன் பனைகளுக்கு மேலே ஏறும் நேரம் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போவார். அங்கே குளிப்பதற்குத் தென்னங்கிடுகால் நான்கு பக்கமும் மறைத்திருந்தது, மேலே வானம். நான் நெஞ்சுக்கு மேலே துணியைச் சுற்றிக் குறுக்குக்கட்டோடு பலகையில் இருப்பேன். மாமி தோளிலிருந்து கட்டுத் துணி வரைக்கும் முதுகு முழுக்க எண்ணெயைத் தேய்த்து, சூரியனுக்குத் திருப்பிவிடுவார்.

"இளவெயில் உள்ளுக்கை இறங்கட்டும். எழும்பாதை பிள்ளை."

"மாமி, கடை திறக்கவேணும்."

"கடை ஓடிப்போகாது."

உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்திருந்தது. கல்யாணமாகி நான்கு வருடம், வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. மாமி அதைப் பற்றி ஒரு நாளும் ஒரு சொல் கேட்டதில்லை. ஆனால் எண்ணெய் தேய்க்கும்போது, இந்த உடம்பு வருத்தம் மாறட்டும், பிறகு எல்லாம் சரிவரும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். அந்தக் கை என் பிள்ளைக்காகத்தான் தேய்க்கிறது என்று எனக்கு விளங்கும். மாதக்கணக்காக அப்படி இருந்தேன்.

சிவப்பு மாறவில்லை, கூடியது. காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. ஒரு நாள் மாவு நிறுத்துக்கொண்டிருந்தபடியே தராசடியில் விழுந்தேன். கணவர் வள்ளத்தை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு ஓடிவந்து, ஓட்டோ பிடித்து என்னை நேரே யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனார். அவர் அதிகம் பேசுகிறவரில்லை, எங்கள் வீட்டில் பேசும் வேலை என்னுடையது.

இரத்தம் எடுத்தார்கள், சிறுநீர் எடுத்தார்கள். கிளினிக்கில் இருந்த டொக்டர் என் வயது ஒத்த பெண். அவசரப்படாமல் கதைத்தார். எனக்கு லூபஸ் என்றார். உடம்பைக் காக்கவேண்டிய பிறபொருளெதிரிகள் சொந்த உடம்பையே பிடிக்கத் தொடங்கிவிட்டன என்றார். பிறபொருளெதிரி என்ற சொல்லைப் பள்ளிக்கூடத்தில் சோதனைக்குப் பாடமாக்கியிருக்கிறேன். அது என்னிடமே கைவரிசையைக் காட்டும் என்று அப்போது ஆர் நினைத்தது.

"சிறுநீரிலை புரதம் கொஞ்சம் போகுது," என்றார் டொக்டர். "காய்ச்சலாலையும் இருக்கலாம். வருத்தம் கிட்னிக்கு இறங்கத் தொடங்கியிருக்கவும் கூடும்."

நான் சுற்றி வளைக்கவில்லை. "எனக்குப் பிள்ளை பெறலாமோ?" என்று கேட்டேன்.

அவர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். வருத்தம் மேலோட்டமாக இருந்தால் வாயில் போடும் குளிசையில் அடக்கலாம், அடங்கியபின் பிள்ளையைப் பற்றி யோசிக்கலாம் என்றார். ஆழமாக இறங்கியிருந்தால் பெரிய மருந்து தேவை. மாதத்துக்கொரு தரம் சேலைனோடு ஏற்றுவது. அது சூலகத்தையும் தாக்கலாம், பிறகு பிள்ளை தங்காமலே போகலாம். அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. அதற்காகவே எனக்கு அவரைப் பிடித்தது, அதற்காகவே அந்த நேரம் எழும்பி ஓடவும் வேண்டும்போல இருந்தது.

மேலோட்டமா ஆழமா என்று அறிய ஒரு வழி தோல். வெயில் படாத இடத்தில், ஒரு பழுதுமில்லாத தோலில் பயறளவு துண்டு எடுத்துக் கொழும்புக்கு அனுப்புவார்களாம். அங்கே சாயமேற்றி ஒரு விசேட வெளிச்சத்தில் பார்ப்பார்கள். மேல்தோலும் அடித்தோலும் சந்திக்கும் இடத்தில் அந்தப் பிறபொருளெதிரிகள் படிந்திருந்தால் பச்சைக் கோடாக ஒளிரும். சிவந்த இடத்தில் கோடு இருப்பது புதினமில்லை. வெயிலே காணாத நல்ல தோலிலும் கோடு இருந்தால், வருத்தம் கடுமை என்பதற்கு அது ஓர் அடையாளம்.

"தோலை மட்டும் வைச்சு முடிவெடுக்கிறதில்லை. இரத்தம், சிறுநீர் எல்லாத்தையும் சேர்த்துத்தான். ஆனால் எந்தப் பக்கம் சாயுது எண்டு அது காட்டும்," என்றார்.

துண்டு எடுத்தவர் வேறொரு இளம் டொக்டர், ஆண். நான் சட்டையைப் பின்பக்கம் கொஞ்சம் இறக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தேன். தோள்பட்டைக்குக் கீழே விரலை வைத்து, "இந்த இடம் எப்பவும் உடுப்புக்குள்ளைதானே? வெயில் படுறதில்லைத்தானே?" என்று கேட்டார். ஓம் என்றேன். பொய் சொல்லவில்லை. வெயில் என்றதும் எனக்கு நினைவு வந்தது பஸ்ஸுக்கு நின்ற மத்தியான வெயில், வள்ளத்தில் போன வெயில். கிணற்றடியில் விடிய முதுகில் விழுந்தது எங்களுக்கு மருந்து. குளிசையைச் சாப்பாடு என்று ஆராவது சொல்வார்களா? அப்படித்தான் அது என் நினைவுக்கே வரவில்லை.

கொழும்பிலிருந்து மறுமொழி வந்தபோது நயினாதீவில் திருவிழா. வள்ளங்களுக்கு ஓய்வில்லை, கணவருக்கு வர ஏலாது. மாமி வெளிக்கிட்டு நின்றார். நல்ல சேலை, கையில் குடை, பையில் எனக்குக் குடிக்கச் சுடுதண்ணீர்ப் போத்தல்.

டொக்டர் கணினித் திரையைத் திருப்பிப் படத்தைக் காட்டினார். கறுப்புக்குள்ளே ஒரு பச்சைக் கோடு, அறுபடாமல், தடிப்பாக. வடிவாகத்தான் இருந்தது. அது என் முதுகு என்று நம்பக் கஷ்டமாக இருந்தது.

"நான் இதை எதிர்பார்க்கேல்லை," என்றார். "வெயிலே படாத இடத்திலையும் இவ்வளவு படிஞ்சிருக்கு. சிறுநீரையும் சேர்த்துப் பார்த்தால் இனிப் பிந்த ஏலாது. அடுத்த கிழமை வார்ட்டிலை நிப்பாட்டி, கிட்னியிலையும் ஒரு துண்டு எடுத்துப் பார்ப்பம். அநேகமாய்ப் பெரிய மருந்து தொடங்கவேண்டி வரும்."

பிள்ளை இல்லை என்று ஆரும் சொல்லவில்லை. ஆனால் எனக்குக் கேட்டது அதுதான். அந்தக் கதிரையில் இருந்தபடியே, பிறக்காத ஒரு பிள்ளைக்கு நான் அழத் தொடங்கினேன்.

மாமிக்கு மருந்து, கிட்னி, துண்டு ஒன்றும் பிடிபடவில்லை. அவருடைய காதில் விழுந்தது ஒன்றே ஒன்று. அது அவரைச் சுட்டுவிட்டது.

"வெயில் படாத இடமோ? ஆர் டொக்டர் உங்களுக்கு அப்பிடிச் சொன்னது?"

"முதுகுதானே அம்மா. உடுப்புக்குள்ளை இருக்கிற இடம்."

"விடிய விடிய எண்ணெய் பூசி அந்த முதுகைச் சூரியனுக்குக் காட்டினது நான். மாதக்கணக்காய். மழை நாளைத் தவிர ஒரு நாள் விடேல்லை. நீங்கள் என்னெண்டால் இந்தப் பிள்ளையை ஒருத்தரும் கவனிக்கேல்லை எண்ட மாதிரிக் கதைக்கிறியள்."

அவர் டொக்டரைத் திருத்த வரவில்லை. தான் மருமகளைப் பார்க்காமல் விட்டதாகப் பழி சொல்கிறார்கள் என்று நினைத்துச் சண்டைக்கு நின்றார். டொக்டர் என் பக்கம் திரும்பினார். நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஓம் என்று தலையாட்டினேன்.

"என்ன உடுப்போடை இருப்பீர்?"

"குறுக்குக்கட்டு."

"எதுவரைக்கும்?"

மாமி கதிரையை விட்டு எழும்பித் தன் உடம்பிலேயே கையால் கோடு போட்டுக் காட்டினார். துண்டு எடுத்த தழும்பு அந்தக் கோட்டுக்கு நல்லாய் மேலே இருந்தது. டொக்டர் அதையும் வந்து பார்த்தார்.

"அப்ப நான் கேட்ட இடம் இது இல்லை," என்றார் மெதுவாக. வெயில் பட்ட தோலில் வெயிலாலேயே இப்படிப் படியலாம், அதை வைத்து ஆழம் அளக்க முடியாது என்று விளக்கினார். வார்ட்டில் நிற்பதை இரண்டு கிழமைக்குத் தள்ளிவைத்தார். சிறுநீரைத் திரும்பப் பார்க்கவேண்டும், இன்னொரு துண்டும் வேண்டும். "இந்த முறை இடுப்புக்குக் கீழை, கதிரையிலை இருக்கிற பக்கத்திலை."

"அங்கை சூரியன் எட்டிப் பார்க்க ஏலாது. அதுக்கு நான் பொறுப்பு," என்றார் மாமி.

டொக்டர் சிரித்தார், பக்கத்தில் நின்ற தாதி மிஸ்ஸியும் சிரித்தார். அழுதுகொண்டிருந்த நானும் சிரித்துவிட்டேன். பிறகு மாமி, குரல் இறங்கி, ஒன்று கேட்டார்.

"அப்ப டொக்டர், வெயில் கூடாதோ?"

"இந்த வருத்தத்துக்கு ஆகாது அம்மா. காலமை வெயிலும்தான்."

இரண்டாம் துண்டை அன்றைக்கே எடுத்தார்கள். மாமி திரைக்கு வெளியே நின்றார். நான் வெளியே வந்து பார்த்தால் நின்ற இடத்திலேயே நின்றார்.

பஸ்ஸில் என் பக்கத்து யன்னலால் வெயில் அடித்தது. கடலுக்கு நடுவே போகும் அந்தப் பாதையில் பின்னேர வெயிலுக்குத் தப்ப இடமில்லை. மாமி பஸ்ஸுக்குள்ளேயே குடையை விரித்து, என் முகத்துக்கும் யன்னலுக்கும் நடுவே பிடித்தார். முன்னால் இருந்தவரின் தலையில் கம்பி இடித்தது.

"அம்மா, பஸ்ஸுக்குள்ளை குடையோ? மழையே பெய்யுது?" என்றார் கொண்டக்டர்.

"நீர் ரிக்கற்றைக் கிழியும்."

வேறொரு நாள் என்றால் நான் சிரித்திருப்பேன். அன்றைக்கு எனக்குள் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. சும்மா இருந்த வருத்தத்தை எண்ணெய் ஊற்றி வளர்த்தாயே, இந்தக் கை என் பிள்ளையைக் கொண்டுபோய்விட்டதே என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், அதை அழகாக்கி எழுத ஒன்றுமில்லை. அவர் வாய் திறந்ததால்தான் பெரிய மருந்து தள்ளிப்போனது என்பதெல்லாம் அந்த நேரம் என் மண்டையில் ஏறவில்லை.

"குடையை மடக்குங்கோ மாமி," என்றேன். "இனிப் பிடிச்சு என்ன."

அவர் மடக்கவில்லை. வீடு வரைக்கும் கை மாறி மாறிப் பிடித்துக்கொண்டே வந்தார்.

அடுத்த நாள் விடிய எழும்பினால், கணவர் கிணற்றடி மறைப்புக்கு மேலே தகரம் ஏற்றிக்கொண்டிருந்தார். மாமி கீழே நின்று ஆணி எடுத்துக் கொடுத்தார். எண்ணெய்ச் சட்டியைக் குசினியில் காணவில்லை. அதோடு இன்னொன்றும் நின்றுபோயிற்று. மாமி என்னைத் தொடுவதை விட்டுவிட்டார். முன்பெல்லாம் சீப்பெடுத்துத் தலை இழுத்துவிடுவார், காய்ச்சலுக்கு நெற்றியில் கை வைப்பார், விரல் மடங்காத நாளில் சோறு குழைத்துத் தருவார். இப்போது தேத்தண்ணீரை மேசையில் வைத்துவிட்டு, நான் கை நீட்டுவதற்குள் போய்விடுவார். முதல் சில நாட்கள் எனக்கு அது நிம்மதியாக இருந்தது. பிறகு எரிச்சலாக இருந்தது. பிறகு தாங்க ஏலாமல் போயிற்று. கோபிக்கிற ஆளிடம் கோபிக்கலாம், ஒதுங்கிப் போகிற ஆளிடம் என்ன செய்வது?

இரண்டாம் மறுமொழிக்கு மூவரும் போனோம். மாமி உள்ளே வரமாட்டேன் என்று வெளியே ஆட்கள் காத்திருக்கும் வாங்கில் இருந்துவிட்டார். கணவர் என் பக்கத்தில் நின்றார். டொக்டர் படத்தைத் திறந்தார். கறுப்பு. கண்ணை எவ்வளவு கிட்டக் கொண்டுபோனாலும் கறுப்புத்தான்.

"கோடு இல்லை," என்றார். "சிறுநீரிலையும் புரதம் இறங்கியிட்டுது. இதாலை உமக்கு வருத்தம் இல்லை எண்டு நினைக்கக் கூடாது. இருக்கு. குளிசையை ஒரு நாளும் விடக் கூடாது, ஒழுங்காய் வந்து சிறுநீர் பார்க்கவேணும். ஆனால் பெரிய மருந்து இப்ப தேவையில்லை."

"பிள்ளை?" என்றேன்.

"அரை வருஷம் இது அடங்கியிருக்கட்டும். பிறகு நானே சொல்லுறன்."

கணவர் என் தோளைப் பிடித்தார். நான் வெளியே ஓடிவந்தேன். மாமி வாங்கின் ஓரத்தில், குடையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். என் முகத்தைப் பார்த்தும் நல்லதா கெட்டதா என்று அவருக்குத் தெரியவில்லை, நான் அழுதுகொண்டிருந்தேனே.

"கோடு இல்லையாம் மாமி. பிறகு பிள்ளை பெறலாமாம்."

அவர் எழும்பவில்லை. குனிந்தபடியே, "என்னாலை ஒண்டும் போகேல்லைத்தானே பிள்ளை?" என்று கேட்டார்.

அவ்வளவு நாளும் அவர் அந்தக் கேள்வியோடுதான் தேத்தண்ணீர் போட்டிருக்கிறார், அந்தக் கேள்வியோடுதான் படுத்திருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது, அவர்மேல் இரக்கமாகவும் இருந்தது. நல்லதாய் நாலு வார்த்தை வரும் வாயும் இல்லை என்னுடையது. "ஒண்டும் போகேல்லை. எழும்புங்கோ, பஸ்ஸை விடப்போறம்," என்றேன்.

அரை வருடம் என்று சொன்னது கொஞ்சம் நீண்டது. நடுவில் ஒரு முறை மூட்டுகள் வீங்கின, குளிசை கூட்டினார்கள், பிறகு குறைத்தார்கள். கடைசியில் டொக்டர் சொன்னபடி தானே கூப்பிட்டு, இனிப் பிள்ளை பெறலாம் என்றார். இப்போது எனக்கு ஆறாம் மாதம். என் பிறபொருளெதிரிகளில் ஒரு வகை பிள்ளையின் இதயத்துக்கும் போகக் கூடியதாம். அதனால் அடிக்கடி கூப்பிட்டு இதயத் துடிப்பைப் பார்க்கிறார்கள். இதுவரை ஒழுங்காக அடிக்கிறது. ஒவ்வொரு முறையும் அந்தச் சத்தம் கேட்கும் வரைக்கும் எனக்குப் பயம்தான், கேட்டபின் வீடு வரைக்கும் சந்தோஷம்தான்.

நேற்றுப் பின்னேரம் குசினியில் கதிரை போட்டு இருந்தேன். மாமி இறால் உரித்துக் கழுவிவிட்டுக் கை துடைத்துக்கொண்டிருந்தார். பிள்ளை உதைத்தது. முன்பும் உதைத்திருக்கிறது, ஆனால் இது சட்டைக்கு மேலாலேயே தெரிந்தது. மாமியும் கண்டுவிட்டார். கண்டதும் ஓர் அடி பின்னால் போனார்.

"இஞ்சை வாங்கோ மாமி. தொட்டுப் பாருங்கோ."

"வேண்டாம் பிள்ளை. என்ரை கை வேண்டாம்."

நான் எட்டி அந்தக் கையைப் பிடித்தேன். அவர் இழுத்தார். நான் விடவில்லை. சட்டையை விலக்கி, என் வயிற்றுத் தோலில் அந்தக் கையை வைத்து, மேலே என் இரண்டு கையையும் வைத்து அமத்திப் பிடித்துக்கொண்டேன்.